தாழும் இறக்கையின் பக்கம்

ஜனவரி 12

சட்டக் கடைக்காரியே,

இதை நான் எழுதுகிறேன். நானே. சலூன்காரர் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. யாராவது வந்து உதவி செய்துவிடுவார்களோ என்று பயந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அண்ணனின் படச் சட்டக் கடைக்கு உதவியாக நீ போன பிறகு எழுதிய கடிதங்களையெல்லாம் சலூன்காரர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். நல்ல மனிதர். ஆனால் அவர் படித்தால் அவர் குரல்தான் கேட்கிறது. “நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தலையை நன்றாகத் துவட்டுங்கள்” என்று மீசை வைத்த ஒரு ஆள் கையில் கத்தரியோடு சொன்னால் எப்படி இருக்கும்? முடி வெட்ட வந்து உட்கார்ந்திருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், “அடுத்த கடிதம் எப்ப சார் வரும்?” என்று விசாரித்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தொழிற்சங்க மாடியில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன். போனில் உன்னிடம் சொல்லலாமென்றால், தகடு ஆலை என் காதை வாங்கி வைத்துக்கொண்டுதான் என்னை வீட்டுக்கு அனுப்பியது. போனில் நீ பேசுவது தகரத்தில் கல் விழுவதுபோல இருக்கிறது.

ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். எழுதியதைத் திரும்பப் படித்தால் அது நான் சொன்னதையே சொல்கிறது! இது உனக்கு எப்போதும் நடப்பதுதான். எனக்கு இப்போதுதான் நடக்கிறது.

இன்னொரு செய்தி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு விமானம் என் காலடியில் வந்து விழுந்தது. பயப்படாதே, கை நீளம்தான். எடுத்துப் பார்த்தால் கனமே இல்லை. முழுக்க ஃபோம் அட்டை. ஒரு அம்மா கையில் ரிமோட்டோடு ஓடி வந்தார். பல் டாக்டராம். எனக்குத்தான் வாயில் பல்லே இல்லையே, பயமில்லாமல் பேசினேன். “நீங்களே செய்யலாம் ஐயா, புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் சுலபம்” என்றார். செய்யப் போகிறேன்.

மச்சானுக்கு முறிந்த கால் எப்படி இருக்கிறது? அவசரப்பட்டு வர வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

சொந்தக் கையால்,
உன் வீட்டுக்காரன்


ஜனவரி 21

என் வீட்டுக்காரருக்கு,

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். பிரித்த பிறகு கடையில் நின்றபடியே படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் கல்யாணப் படத்தை நீட்டிக்கொண்டே நின்றார். அவரை நிற்க வைத்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தேன். உங்கள் எழுத்து உங்களைப் போலவே இருக்கிறது. ஒவ்வொன்றும் காலை அகட்டி நிற்கிறது.

அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு சட்டம் போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டார். “கடைசியில ‘ஒரு குறையும் இல்லை’ன்னு இருக்கே, அதை செவுத்துல மாட்டி தினமும் பாக்கச் சொல்றியா?” என்றேன். அவர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவருடைய கால் தேறிவிட்டது. ஒரு கைத்தடியோடு கடைக்கு வந்து உட்காருகிறார். ஏணியில் ஏறக் கூடாது, கண்ணாடி தூக்கக் கூடாது. அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் பெட்டியைக் கட்டியபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “போறதுன்னா போ, நான் என்ன பச்சைக் குழந்தையா?” டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். இப்போது எழுத்திலும் வந்துவிட்டது. குறை இல்லாதவரிடம் ஓடி வந்து நான் என்ன செய்யப் போகிறேன்? இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன்.

விமானம் செய்யும்போது விரலை வெட்டிக்கொள்ளாதீர்கள்.


பிப்ரவரி 6

சட்டக் கடைக்காரியே,

உன் கடிதத்தை நானே படித்தேன். உன் குரலிலேயே கேட்டது. காது சரியாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். சில இடங்களில் கொஞ்சம் கோபமாகவும் கேட்டது. மெதுவாகவே வா, ஒன்றும் அவசரமில்லை.

சலூன்காரருக்கு என் மேல் வருத்தம். கடிதம் படிக்கிற வேலை போய்விட்டதே. “இனிமே நாங்க எதுக்கு” என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதனால் விமானத்தில் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன். சவரம் செய்கிற கை அல்லவா, ஃபோம் அட்டையை அவர் வெட்டினால் தோல் உரித்ததுபோல வருகிறது. நான் வெட்டினால் எலி கடித்ததுபோல இருக்கிறது.

எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன் கேள். பல் டாக்டர் ஒரு பெரிய தாளில் வரைந்து கொடுத்தார். அதை அட்டையின் மேல் வைத்து வெட்ட வேண்டும். மடக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழம் மட்டும் கீற வேண்டும். அடித் தாள் அறுந்துவிடக் கூடாது. அப்போதுதான் பெட்டி மாதிரி மடங்கும். அதுதான் உடம்பு. மூலைகளுக்குப் பசைத் துப்பாக்கி. சூடு அதிகமானால் பசை அட்டையையே உருக்கிவிடுகிறது. முதல் உடம்பில் ஒரு ஓட்டை. “இது ஜன்னல்” என்றார் சலூன்காரர்.

இறக்கை உடம்பின் மேல் உட்காருகிறது, ரப்பர் வளையம் போட்டுக் கட்டுகிறோம். விழுந்தால் இறக்கை முறியாமல் கழன்றுகொள்ளுமாம். இறக்கையின் இரண்டு பாதியும் கொஞ்சம் மேல் பார்த்து இருக்க வேண்டும். அப்படி வைத்தால் சாய்ந்தாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும் என்கிறார் டாக்டர். மனிதர்களுக்கும் இப்படி வைத்திருக்கலாம்.

மூக்கில் மோட்டார், அதில் ஒரு சின்ன விசிறி. வாலில் இரண்டு மடல். ஒன்று ஏறி இறங்க, ஒன்று திரும்ப. ரிமோட்டில் குச்சியை அசைத்தால் மேசை மேல் இருக்கிற விமானத்தின் வால் ஆடுகிறது. நேற்று சாயங்காலம் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் வாலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். கடைக்கு வந்த ஆள் முடி வெட்டாமலே திரும்பிப் போய்விட்டார்.

விரலை வெட்டிக்கொள்ளவில்லை. சுட்டுக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 15

விமானக்காரருக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சலூன்காரர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். பசை எப்படி இருக்கிறது என்றும் தெரிந்துகொண்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆகையால் நானே சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு வேலை பிடித்துப்போயிருக்கிறது. படத்தைச் சுற்றி வெள்ளை அட்டை வைப்பார்கள் அல்லவா, அதன் உள் ஓரத்தைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்ட வேண்டும். கை நடுங்கினால் அட்டை வீண். முதலில் நிறைய வீணாக்கினேன். இப்போது அண்ணன் எனக்குத்தான் கொடுக்கிறார். படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “என்ன கலர் வெக்கலாம்? அகலம் போதுமா?” என்று கேட்பார். கேட்டுவிட்டு நான் சொல்கிற வரைக்கும் காத்திருப்பார். ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா?

பறந்ததா?


மார்ச் 3

சட்டக் கடைக்காரியே,

பறந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதே.

சலூன்காரர் விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து நடந்து நேராக வீசினார். நல்ல வீச்சு. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. நேராக வானத்தையே பார்த்தது. அப்புறம் நின்று யோசித்தது. யோசித்து முடித்ததும் விழுந்தது.

டாக்டர் வந்து இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினார். சரியான விமானம் அப்படித் தூக்கினால் மூக்கை இத்துணூண்டு தாழ்த்தி நிற்குமாம். என் விமானம் பொத்தென்று வாலில் உட்கார்ந்தது.

“ஐயா, வால் கனம். அங்க ஏதாவது கூட வெச்சீங்களா?”

“இல்லையே டாக்டர்.”

“பின்ன எப்படி?”

“எழுதினேன்.”

“எழுதினா கனம் வருமா?”

“பெயின்ட்ல எழுதினேன். தெளிவா தெரியட்டும்னு அதுக்கு மேலயே இன்னொரு தடவ எழுதினேன்.”

டாக்டர் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. சலூன்காரர், “நான் அப்பவே சொன்னேன், இவர் கேக்கல” என்றார். அவர் சொல்லவே இல்லை. நான் வாலில் எழுதியிருந்த ‘சாவி’யைத் தொட்டுக் காட்டி, “இதுக்கு இன்னும் கொஞ்சம் நீலம் போடுங்க” என்று சொன்ன ஆள் அவர்.

என்ன செய்ய? வெள்ளையாக ஒரு இடம் கண்ணில் பட்டால் எழுத வேண்டும்போல் இருக்கிறது. எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் வாலில் எழுதியிருந்தேன். சாவி, வாளி, சோப்பு, பஸ் நிலையம், மருந்துக் கடை, தண்ணீர், நாற்காலி. ‘மருந்துக் கடை’ கோணாமல் வந்திருந்தது. அதைப் பிய்த்துப் போட மனமில்லாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

புது வால் செய்துவிட்டோம். வெறும் வெள்ளை. பேட்டரியை மூக்குப் பக்கம் தள்ளி வைத்தோம். உடைந்த மூக்கை ஒட்டினோம். ஃபோமில் இதுதான் நல்ல விஷயம். ஒட்டினால் ஒட்டிக்கொள்கிறது.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 12

விமானக்காரருக்கு,

சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். அவரும் கைத்தடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அப்புறம் அவர் உள்ளே போனதும் அந்தச் சொற்களை மறுபடி படித்துப் பார்த்தேன். சாவி, வாளி, சோப்பு. பஸ் நிலையம்கூட இருக்கிறது. ஆள் யாருமே இல்லை. நான் அந்த வீட்டில் அவ்வளவு காலம் இருந்திருக்கிறேன். வாளியும் நாற்காலியும் வாலில் ஏறிவிட்டன. எனக்கு இடம் இல்லை.

கோபமாக எழுதவில்லை. எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறார். கடைப் பலகையில் என் பெயரையும் சேர்த்து எழுதலாம் என்கிறார். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார். அந்த அறையில் வெளிச்சம் நன்றாக வருகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


மார்ச் 19

உன் கடிதம் கிடைத்தது.

உனக்குப் பிடித்திருந்தால் இரு. நான் குறுக்கே நிற்க மாட்டேன். மச்சான் நல்லவர். என்னை நான் பார்த்துக்கொள்வேன்.

விமானம் இப்போது நன்றாகப் போகிறது. போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பி வரும்போதுதான் ஒவ்வொரு தடவையும் விழுகிறது.

வீட்டுக்காரன்


ஏப்ரல் 10

சட்டக் கடைக்காரியே,

நீ பதில் எழுதவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே தலையை ஆட்டிவிடுகிறார். இல்லை என்று தூரத்திலேயே சொல்லிவிட்டால் எனக்கு வாசல் வரை வருகிற சிரமம் மிச்சம் என்று நினைக்கிறார்.

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி. நானும் பொறுமையாகத்தான் எழுதுகிறேன்.

விமானம் ஏன் விழுகிறது என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். காற்று இல்லை, வால் இல்லை. நான்தான். விமானம் என்னைவிட்டுப் போகும்போது அதன் வலது கையும் என் வலது கையும் ஒரே பக்கம். குச்சியை வலப் பக்கம் தள்ளினால் என் வலப் பக்கம் போகும். ஆனால் அது திரும்பி என்னைப் பார்த்து வரும்போது, அதன் வலது எனக்கு இடது. நான் பழைய ஞாபகத்தில் தள்ளுகிறேன். சாய்ந்துகொண்டிருப்பதை இன்னும் சாய்க்கிறேன். நிமிர்த்துவதாக நினைத்துக்கொண்டே கீழே தள்ளிவிடுகிறேன்.

“வலது இடது எல்லாத்தையும் மறந்துடுங்க ஐயா” என்றார் டாக்டர். “வரும்போது எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கம் குச்சியத் தள்ளுங்க. அத அடியில கை குடுத்துத் தாங்குற மாதிரி. இல்லன்னா நீங்களே உள்ள ஏறி உக்காந்துட்டதா நெனச்சுக்கோங்க.”

வீட்டில் பழகச் சொன்னார். ஒருவர் விமானத்தைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு நடந்து வர வேண்டும். நான் உட்கார்ந்து குச்சியைத் தள்ள வேண்டும். சலூன்காரர் வாசலிலிருந்து விமானத்தோடு வந்தார், வாயால் மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டு. கூடம் நீளம் போதவில்லை. “பின்னாடி போங்க, இன்னும் பின்னாடி” என்றார். பின்னால் போய்ப் போய் சமையலறை வாசலில் இருக்கிற உன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. இப்போதுதான் தெரிந்தது.

அங்கிருந்து பார்த்தால் டிவி தெரியவில்லை. ஜன்னல் தெரியவில்லை. என் நாற்காலியின் முதுகுதான் தெரிகிறது. என் தலை பட்டுப் பட்டு மேலே ஒரு இடம் எண்ணெயாக இருக்கிறது. வேலை முடித்து வந்து உட்கார்ந்து நீ இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். என்ன பேசினாலும் இதனோடுதான் பேசியிருக்கிறாய். அதற்கும் காது கேட்காது.

சலூன்காரர் கூடத்தின் நடுவில் விமானத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “தள்ளுங்க, தள்ளுங்க, விழப் போறேன்” என்று கத்திக்கொண்டிருந்தார். நான் குச்சியைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விமானத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அப்புறம் உன் கடிதங்களை எடுத்து அங்கேயே உட்கார்ந்து மறுபடி படித்தேன். “ஒரு குறையும் இல்லை” என்று நான் எழுதியது நீ என்னைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்று. “பிடித்திருந்தால் இரு” என்று எழுதியது, ஒரு தடவையாவது உன் விருப்பம் நடக்கட்டும் என்று. உன் நாற்காலியிலிருந்து நினைத்துப் பார்த்தால் இரண்டுமே வேறு மாதிரி இருக்கின்றன. வாசல் கதவை யாரோ சாத்துவதுபோல இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். இங்கே நிறையக் குறை. குளிக்கப் போனால் நீ கதவைத் தட்டுவாய் என்று இன்னும் அவசர அவசரமாகக் குளித்துவிட்டு வருகிறேன். வெளியே யாரும் காத்திருக்கவில்லை. சட்டையில் பட்டன் மாற்றிப் போட்டுக்கொண்டு கடைவீதி முழுவதும் சுற்றிவிட்டு வருகிறேன், யாரும் சொல்வதில்லை. விமானம் முதல் தடவை நேராகப் பறந்தபோது “பார், பார்” என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் சலூன்காரர்.

வாலில் உன்னை ஏன் எழுதவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். எழுதத் தெரிந்தவுடன் முதலில் எழுதிப் பார்த்தது உன் பெயரைத்தான். அதை விழுந்து உடைகிற ஒன்றின் மேல் எழுத மனம் வரவில்லை. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது கேட்கிறேன். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். உனக்கு எங்கே இருக்க ஆசை? இங்கே என்றால் வா. அங்கே என்றால், மாடி அறையில் இரண்டு பேருக்கு இடம் இருக்குமா என்று மச்சானிடம் கேள். எனக்குக் கண்ணாடி துடைக்கத் தெரியும். ஏணியைப் பிடித்துக்கொள்ளத் தெரியும். இப்போது பலகை எழுதவும் தெரியும்.

உன்
வீட்டுக்காரன்


ஏப்ரல் 18

என் வீட்டுக்காரருக்கு,

உங்களுடைய மார்ச் மாதக் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். ஒன்றில் “சரி, இருந்துவிடுகிறேன்” என்று இருந்தது. ஒன்றில் திட்டியிருந்தேன். மூன்றாவதில் பாதிக்கு மேல் எழுத முடியவில்லை. நீங்கள் விமானம் போகிறது, திரும்பும்போது விழுகிறது என்று எழுதியிருந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை மாடி அறைக்கு எடுத்துப் போய்த்தான் படித்தேன். கீழே வந்தபோது அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெட்டிய இறக்கித் தரணுமா? நான்தான் ஏணி ஏறக் கூடாதே” என்றார். “நானே இறக்கிக்கறேன்” என்றேன். கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். “அந்த ஆளு பலக எழுதுறேன்னு சொல்றாரா? முதல்ல கோடு போட்டுட்டு எழுதச் சொல்லு” என்றார். உங்கள் மச்சானுக்கு வருத்தம்தான். மறைத்துக்கொள்கிறார்.

எனக்கு எங்கே இருக்க ஆசை என்று கேட்டீர்கள். யோசித்துத்தான் சொல்கிறேன். எனக்கு இந்த வேலையும் வேண்டும், நம் வீடும் வேண்டும். பெரிய வேலை வரும்போது வந்து வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாக அண்ணனிடம் பேசியிருக்கிறேன். அப்படிப் போகிற நாட்களில் நீங்களும் வரலாம். அறையில் இடம் இருக்கிறது. ஆனால் சலூன்காரரையும் கூட்டிக்கொண்டு வரக் கூடாது.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு வந்து கூட்டத்தில் நிற்க வேண்டாம். எனக்கு மைதானத்துக்கே வர வேண்டும். நீங்கள் அதைப் பறக்கவிடுவதைப் பார்க்க வேண்டும். நான் வந்து சேரும்போது அது மேலே இருக்கும், நீங்களும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கூப்பிட மாட்டேன், கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது. ஓரமாக நிற்கிறேன். பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்பிப் பாருங்கள், போதும்.


ஏப்ரல் 23

என் சட்டக் கடைக்காரியே,

இந்தக் கடிதம் நீ புறப்படுவதற்குள் வந்து சேர வேண்டும் என்று தபால் நிலையத்துக்கே போய்ப் போடுகிறேன். அதனால் சின்னதாக எழுதுகிறேன்.

நேற்று விமானம் முழு வட்டம் அடித்து என்னைப் பார்த்து வந்தது. இடது இறக்கை தாழ்ந்தது. அந்தப் பக்கமே தள்ளினேன். நிமிர்ந்தது. வந்து புல்லில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு என் கால் பக்கத்தில் நின்றது. டாக்டர் கை தட்டினார். எனக்கே கேட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் பறக்கவிட மாட்டேன். ரிமோட்டைச் சலூன்காரர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் உடைத்தால் உடைக்கட்டும், ஒட்டிக்கொள்ளலாம். உனக்குக் காட்ட இன்னொரு நாள் இருக்கிறது.

மேலே பார்த்துக்கொண்டிருந்தால் நீ வருவது எனக்குத் தெரியாமல் போய்விடும். மைதானத்தின் வாசலில் ஒரு கல் கிடக்கிறது. அதில், சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.